யாருடைய பெயரில் வீடு?



நம்மை யாரென்று ஒருவர் கேட்டால், பெயரையும் ஊரையும் தொழிலையும் சொல்லுவோம். ‘நான் ஆண்’, ‘நான் பெண்’ என்று யாரும் தொடங்குவதில்லை. ஆயினும் அந்த உணர்வு நமக்குள் எவ்வளவு ஆழமாய் வேரூன்றியிருக்கிறது! நமக்குரியது கைவிட்டுப் போகும்போதோ, நமக்குரியதல்லாதது கைக்கு வரும்போதோ அது வெளிப்படுகிறது.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, அக்கரைப்பற்று முதலிய அம்பாறைக் கரையோர ஊர்களில், முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் தாய்வழியே குடி அறியப்படும் வழக்கம் உண்டு. மகளுக்கு வீடு சீதனமாகும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆதியாகமம் 2ஆம் அதிகாரமும், திருமணத்திற்காகப் பெற்றோரை விட்டுப் புறப்படுகிறவனாக ஆணையே காட்டுகிறது அல்லவா?

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அவ்வீடுகளை வாரிச் சென்றது. புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது, ‘குடும்பத் தலைவர் யார்?’ என்று கேட்கப்பட்டது. தாயிடமிருந்து மகள் பெற்ற வீட்டுக்கு ஈடாக வந்த வீடு, பல குடும்பங்களில் கணவனின் பெயருக்குப் போயிற்று. அரச காணி பற்றிய 1935ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசையிலும் மகளுக்கு முன்னே மகன் நின்றான்; 2022இல்தான் அது திருத்தப்பட்டது.

அக்கணவர்கள் கொடியவர்கள் அல்லர். ‘ஆண்தானே தலைவன்’ என்ற எண்ணம், கேள்வியின்றிக் கையொப்பமிட வைத்தது. பெண்களும் தங்களை ஆராயலாம். சகோதரன் பிறநாட்டில் வியர்வை சிந்திக் கட்டிய சீதன வீட்டில் இருந்துகொண்டு, அவனுடைய பாரத்தை நினையாதிருப்பதும் அதே பற்றின் மறுபக்கமே.

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன் நின்று, தகப்பனின் காணியில் பங்கு கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயமென்று ஆண்டவரே தீர்ப்பளித்தார். பெண்ணாய்ப் பிறந்ததற்காக அவர்கள் வெட்கப்படவுமில்லை. அதனால் தங்கள் பங்கு குறையும் என்று ஏற்கவுமில்லை.

பிரியமானவர்களே, ஆணாகவோ பெண்ணாகவோ இருப்பது தேவன் தந்த ஈவு. அது பிறர்மேல் ஏறி அமரும் ஆசனம் அன்று. பிலிப்பியர் 2ஆம் அதிகாரம் காட்டும் கிறிஸ்துவைப் பாருங்கள். தேவனுக்குச் சமமாயிருந்தும், அந்த மேன்மையை இறுகப் பற்றிக்கொள்ளாமல் தம்மையே தாழ்த்தினார். அவரைப் பின்பற்றும் நாம் எதை இறுகப் பற்றியிருக்கிறோம்?

இன்றிரவு உங்கள் வீட்டின் காணி உறுதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் யாருடைய பெயர் இருக்கிறது? யாருடைய பெயர் இருந்திருக்க வேண்டும்?

ஆண்டவரே, நீர் தந்த ஈவைப் பெருமையாக்காமல், அன்பாக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.