சுரைக்குடுக்கையும் இசைக்கருவியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது பழமொழி. கொடியில் முற்றிய சுரைக்காயும் கறிக்குதவாது. ஆயின் இசைக்கு உதவுவது அதுவேயாம்.

சுரை ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. மிகப் பழைய காலத்திலேயே ஆசியாவையும் அமெரிக்காவையும் அடைந்து, மாந்தர்க்குக் கலமாகவும் கருவியாகவும் பயன்பட்டது. பாம்பாட்டியின் மகுடியிற் காற்றைத் தேக்குவது சுரைக்குடுக்கை. வடநாட்டுச் சித்தாருக்கும் தம்புராவுக்கும் அதுவே குடம். நம் வீணையின் குடம் பலாமரத்திற் குடையப்படுவது. தண்டியின் மறுமுனைக்கருகே அமைந்து, வாசிப்போர் தொடைமீது தங்குவது சுரைக்குடுக்கை. இந்நாளில் அவ்விடத்தைக் காகிதக்கூழும் நாரிழையும் பெரிதும் பற்றிக்கொண்டன.

குடுக்கையின் பயன் யாது? தனித்த தந்தியின் அதிர்வு மெல்லியது. அவ்வதிர்வு ஓட்டையும் உள்ளிருக்கும் காற்றையும் அசைக்குங்கால் ஒலி பெருகும். உள்வெளி பெரிதாயின் தாழ்ந்த ஒலியும், சிறிதாயின் உயர்ந்த ஒலியும் வலுப்பெறும். வாயின் அகலமும் இதனை மாற்றவல்லது.

தென்மராட்சி பலாவுக்குப் பெயர்பெற்றது. அப்பகுதியைச் சேர்ந்த கொடிகாமத்து வீட்டுத் தோட்டங்களில், கறிக்கன்றிக் கருவிக்கெனச் சுரை வளர்ப்பதாயின் முறை வேறாகும். மாரி ஓய்ந்தபின் தை மாதத்தில் விதையை ஊன்றி நீரிறைத்தால், காய் முற்றுங்காலம் வெயிற்காலமாய் அமையும். வெண்ணிறப் பூக்கள் மாலையில் மலர்வன. பிஞ்சு பிடியாவிடில் அவ்வேளையில் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவிற் கையாலே தடவலாம். கொடிக்கு இரண்டு மூன்று காய்களே விடுதல் நன்று. பெருங்காய்களைப் பந்தலில் உறியிட்டுத் தாங்குக. நிலத்திற் கிடப்பின் அடியில் வைக்கோல் பரப்புக. காம்பு காய்ந்து பழுப்பேறுமுன் கொய்தலாகாது. இளங்காயின் ஓடு உலரும்போது சுருங்கிப்போம்.

கொய்த காயை இரண்டு விரலளவு காம்புடன், காற்றோடும் நிழலில், ஒன்றோடொன்று படாமற் பரண்மேல் வைத்தல் வேண்டும். மேலே பூஞ்சணம் படர்தல் இயல்பு; ஓடு மெலியாதவரை அஞ்சவேண்டியதில்லை. சில மாதங்களில் எடை குறைந்து, அசைத்தால் விதைகள் கலகலக்கும். அதுவே பதம்.

பின்னர் நுண்பல் வாளால் வாயை அறுத்து, உட்சோற்றைச் சுரண்டுக. அத்தூசு நெஞ்சுக்குத் தீங்காதலின் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்க. வாய்க்கு ஆட்டுத்தோல் போர்த்து, மூங்கிற் கழியை ஊடே செலுத்தி, ஒரு தந்தியும் குதிரையும் பிரடையும் அமைப்பின் ஒற்றைத்தந்திக் கருவி உருவாகும். மாணவரும் இதனைச் செய்யலாம்.

மகாராட்டிரத்து மிரஜ் நகரில் 19ஆம் நூற்றாண்டு முதல் சித்தாரும் தம்புராவும் செய்யப்படுகின்றன. அவற்றுக்கான சுரையைப் பண்டரபுரத்தைச் சூழ்ந்த உழவர் விளைவிக்கின்றனர். 2024ஆம் ஆண்டு அக்கருவிகள் புவிசார் குறியீடு பெற்றன. ஆங்குத் தச்சரின் கைத்திறன் உழவரின் பொறுமையைச் சார்ந்தே நிற்கின்றது.

எல்லாக் காயையும் பிஞ்சிலேயே கொய்யும் தோட்டத்தில், தடித்த ஓட்டுச் சுரையின் விதை எஞ்சுவதில்லை. விதை அற்றபின் கைத்திறன் மட்டும் இருந்து பயனில்லை. ஆதலின் ஆண்டுதோறும் ஒரு கொடியையேனும் முற்ற விட்டு, அதன் விதையைப் பேணுதல் நம் கடனாகும்.