வலி மாத்திரையும் மருந்தே

மூட்டுவலியோடு வருவோரிடம், "இப்போது என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள்?" என்று நாங்கள் கேட்பதுண்டு. சர்க்கரைக்கு ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று என வரிசையாகச் சொல்வார்கள். மருந்துக்கடையில் தாமே வாங்கிய வலி மாத்திரையைப் பலர் சொல்வதில்லை; அதை அவர்கள் மருந்தாகவே கருதுவதில்லை.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் ஆகியவை அழற்சியைத் தணிக்கும் வலி மருந்துகள். மூட்டில் வலியும் வீக்கமும் தோன்றக் காரணமான புராஸ்டாகிளாண்டின் உடலில் உருவாவதை இவை குறைக்கின்றன. ஆனால், இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தைப் பேணுவதும் அதே பொருள்தான். ஆகவே, வயிற்றுப்புண், இரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை நேரலாம். இரத்த அழுத்தம் உயரலாம். மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயமும் கூடலாம்.

உணவுக்குப் பின் உண்டால் தீங்கில்லை என்று பலரும் நம்புகின்றனர். உணவு வயிற்றெரிச்சலைக் குறைக்கலாம். ஆனால், இரத்தத்தில் கலந்த மருந்து இரைப்பையின் காப்பைக் குறைக்கவே செய்யும். முதியோருக்கு முன்கூட்டி வலி எதுவும் இல்லாமலே இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். எனவே தேவைப்படுவோருக்கு மருத்துவர் இரைப்பையைக் காக்கும் மாத்திரையையும் சேர்த்துத் தருவார்.

இவ்வகை மருந்துகளில் இரண்டை ஒருசேர உண்ண வேண்டா. வணிகப் பெயர் வேறாயினும் உள்ளிருக்கும் மருந்து ஒன்றாக இருக்கலாம். அட்டையில் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். குறைந்த அளவில், குறுகிய காலம் உண்பதே நன்று. முழங்கால், கைவிரல் மூட்டுகளுக்கு டைக்ளோஃபினாக் களிம்பு போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தோலில் தடவும்போது இரத்தத்தில் கலக்கும் அளவு மிகக் குறைவு.

முன்பு வயிற்றுப்புண் இருந்தவர்கள், இதய நோயாளிகள், சிறுநீரக நோயாளிகள், கருவுற்றவர்கள், ஆஸ்பிரின் அல்லது இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்போர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடவே கூடாது. இரத்த அழுத்த மாத்திரையும் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் உண்போருக்கு, இதுவும் சேரும்போது சிறுநீரகம் திடீரெனப் பழுதடையக்கூடும். வயிற்றுப்போக்கும் வாந்தியும் உள்ள நாட்களில் அபாயம் இன்னும் மிகுதி.

மலம் கரிய நிறத்தில் போனாலோ, வாந்தியில் இரத்தம் தென்பட்டாலோ, மார்பு வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ அன்றே மருத்துவரைக் காணுங்கள்.

உடனிருந்து கவனிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் இட்டுக் கொண்டுவாருங்கள். தலையணைக்கு அடியில் இருப்பதையும் மறவாதீர்கள்.