டீசல் இயந்திரத்தின் வலுவும் வெப்பத்தின் எல்லையும்

அமெரிக்காவில் டீசல் பிக்கப் வாகனங்களை வைத்திருப்போரில் பலர், தொழிற்சாலை வழங்கிய வலு போதாதென்று அதனைக் கூட்டிக் கொள்வது நெடுநாளைய வழக்கமாகும். இயந்திரத்தை இயக்கும் கணினியில் புதிய நிரலொன்றைப் பதிவு செய்தால் சில நிமிடங்களில் காரியம் முடிந்து விடுகின்றது. ஆனால், அவ்வாறு பெறும் வலுவுக்கான விலையை இயந்திரத்தின் உலோகமே செலுத்த நேரிடுகின்றது. அந்த விலை குறித்து முன்கூட்டியே எச்சரிப்பது, வெளியேறும் புகைவாயுவின் வெப்பநிலையாகும்.

பெற்றோல் இயந்திரத்தில் காற்றும் எரிபொருளும் ஏறத்தாழ நிலையான விகிதத்தில் கலக்கின்றன. அதில் எரிபொருளைச் சற்று அதிகரித்தால் வெப்பம் தணியும். டீசல் இயந்திரத்தின் இயல்போ இதற்கு நேர்மாறானது. தேவைக்கு மேலாகவே காற்றை உள்ளிழுத்துக் கொள்ளும் அதன் வலுவைத் தீர்மானிப்பது, உள்ளே பீச்சப்படும் எரிபொருளின் அளவேயாகும். எரிபொருள் கூடக்கூட வெப்பமும் ஏறுகின்றது. காற்று ஈடுகொடுக்க முடியாத கட்டத்தில், முழுமையாக எரியாத எரிபொருள் கரும்புகையாக வெளியேறுகின்றது. இதனை வலுவின் அடையாளமெனக் கருதிப் பெருமை கொள்வோரும் உளர். உண்மையில் அது விரயத்தின் அடையாளமாகும்.

இத்தகைய வாகனங்களின் பிஸ்டன்கள் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தாலானவை. தூய அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். கலப்புலோகம் அதற்கும் குறைந்த வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். எண்ணெயும், ஒவ்வொரு சுற்றிலும் உட்புகும் புதிய காற்றும் குளிர்விப்பதனாலேயே பிஸ்டன் தப்பிப் பிழைக்கின்றது. எனவேதான், டர்போவுக்கு முன்பாக அளக்கப்படும் வெப்பநிலை தொடர்ச்சியாக 700 பாகையைத் தாண்டலாகாது என அனுபவசாலிகள் பொதுவாகக் கூறுகின்றனர். சில விநாடிகள் தாண்டினால் இயந்திரம் பொறுத்துக் கொள்ளும். பல நிமிடங்கள் நீடித்தால் பிஸ்டனும் டர்போவும் சேதமடையும்.

இந்த ஆபத்து மலையேற்றத்திலேயே வெளிப்படுகின்றது. கொலராடோ மாநிலத்தின் 70ஆம் இலக்க நெடுஞ்சாலை, ஐசனோவர் சுரங்கப் பாதையில் சுமார் 3,400 மீற்றர் உயரத்தை எட்டுகின்றது. அங்கு காற்றின் அடர்த்தி கடல் மட்டத்திலும் பார்க்க ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாகும். பாரமான வண்டியை இழுத்துக் கொண்டு உயர் கியரிலேயே ஏற முற்பட்டால் வெப்பமானியின் முள் விரைவாக உயரும். கியரைக் குறைத்து இயந்திரத்தின் சுழற்சியைக் கூட்டினால், அதே வேலைக்குக் கூடுதலான காற்று கிடைக்கும். அதுவும் போதாவிடின் வேகத்தைக் குறைப்பதே வழியாகும். பெரிய டர்போவும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் உதவுமெனினும் அவை செலவு மிக்கவை. வெப்பமானியை டர்போவுக்குப் பின்னால் பொருத்துவோர் குறைந்த அளவையே காண்பர் என்பதும் கவனிக்கத்தக்கது. பயணம் முடிந்ததும் இயந்திரத்தை உடனே நிறுத்திவிடாது சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட வேண்டும். இல்லையேல் டர்போவினுள் தேங்கிய எண்ணெய் கருகிப் படிந்துவிடும்.

வாகனம் ஒருவருடையதாயினும் காற்று அனைவருக்கும் உரியது. முன்னைய ஒரு தசாப்த காலத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப் வாகனங்களில் மாசுக்கட்டுப்பாட்டுச் சாதனங்கள் அகற்றப்பட்டதாக, அந்நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2020இல் மதிப்பிட்டிருந்தது. அங்கு இது சட்டவிரோதமான செயலாகும். வலுவுக்கான ஆசை அயலவரின் சுவாசப்பையில் முடிவடைவதை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

எமது மலையகப் பாதைகளில் அளவுக்கு மீறிய சுமையுடன் கரும்புகை கக்கி ஏறும் லொறிகளுக்கும் இதே பௌதிக விதியே பொருந்தும். காற்று போதாத இடத்தில் எரிபொருளை அள்ளிக் கொடுப்பதனால் பயனேதுமில்லை. வலுவைக் கூட்ட விரும்புவோர் முதலில் வெப்பமானி ஒன்றைப் பொருத்தி, அது காட்டும் எல்லைக்குள் வாகனத்தைச் செலுத்தப் பழகிக் கொள்ள வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.