குழுக்களை அடுக்கி அமைப்போம்

குர்லாவிலும் தாராவியிலும் சிறுதொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர் பலருக்கு இன்று வாட்ஸ்அப்பே அலுவலகம். ஆர்டர், கூலிக் கணக்கு, வங்கி விவரம் யாவும் ஒரே குழுவில் கலந்தால், காண வேண்டாதவரும் காண்பர்.

2022 நவம்பரில் அறிமுகமான ‘கம்யூனிட்டி’ வசதி இதற்கு வழி செய்கிறது. மேலே அனைவருக்குமான அறிவிப்புக் குழு. அதில் நிர்வாகிகளே அறிவிப்பு இடுவர். அதன்கீழ் உற்பத்தி, விற்பனை, கணக்கு எனத் தனித்தனிக் குழுக்கள். கணக்குக் குழுவில் உரிமையாளரும் கணக்கரும் மட்டும் இருக்கட்டும். ஒப்புதலின்றி எவரும் சேராதவாறு அமைக்கப் பரிந்துரைக்கிறோம். பணியிலிருந்து விலகியவரைக் கம்யூனிட்டியிலிருந்து நீக்கினால், அதன்கீழுள்ள குழுக்கள் அனைத்திலிருந்தும் நீங்குவார்.

குழுவில் ‘புதிய கணக்கு எண்’ வந்தால், உரியவரிடம் தொலைபேசியில் உறுதி செய்த பின்னரே பணம் அனுப்புக. ஓடிபி, பின் எண் ஆகியவற்றை எக்குழுவிலும் பகிரலாகாது. வங்கி அவற்றைக் கேட்பதில்லை.