மனம் விட்டுப்போன ஆட்டக்காரனும் ஒரு விடுவிப்புக் கடிதமும்

சுற்றுப்போட்டிக் காலம் நெருங்கினால் மட்டக்களப்பில் ஒரு கதை தவறாமல் கிளம்பும். கழகத்தின் நல்ல ஆட்டக்காரன் பயிற்சிக்கு வருவதில்லை. வந்தாலும் பூட்ஸின் கயிற்றைக் கட்டாமல் கோட்டுக்கு வெளியே குந்தியிருக்கிறான். வாவிக்கு அக்கரையில் உள்ள கழகம் கூப்பிடுகிறதாம், கொழும்பில் ஒரு கழகம் கேட்டதாம் என்று பேச்சு அடிபடும். பிறகு செயலாளர் வீட்டு முற்றத்தில் நாலு பேர் கூடுவார்கள். பொடியன் கேட்பது ஒரு தாள்: விடுவிப்புக் கடிதம். "இவ்வளவு காலம் வளர்த்தது நாங்க, கடிதம் தரேலாது" என்று ஒருவர் சொல்வார். "வச்சு என்ன செய்யிற, விளையாடமாட்டான்" என்று இன்னொருவர் சொல்வார்.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இந்த இரண்டு வாக்கியங்களையும் கேட்காத உதைபந்தாட்டக் கழகம் இருக்காது. உலகத்தின் பெரிய கழகங்களும் இதே இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் நிற்கின்றன. தொகை மாறும், வழக்கறிஞர்கள் வருவார்கள், மனஸ்தாபம் ஒன்றுதான். திறமையுள்ள, ஆனால் மனம் விட்டுப்போன வீரனை ஒரு கழகம் என்ன செய்யலாம், சட்டம் யார் பக்கம் நிற்கிறது, அவன் போகும்போது வளர்த்தவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை நம் பக்கத்துக் கழகங்கள் அறிந்திருப்பது நல்லது. கடைசிக் கேள்விக்கான விடை நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அண்மைக் காலத்தில் நமக்கு மிக அருகே நடந்த பெரிய வழக்கு அன்வர் அலியுடையது. பஞ்சாபைச் சேர்ந்த பின்கள வீரர். இதயக் கோளாறு என்று சொல்லி ஒரு கட்டத்தில் விளையாடவே விடாமல் நிறுத்தப்பட்டு, நீதிமன்றம் வரை போய்த் திரும்பி வந்தவர். 2023இல் டெல்லி எஃப்சி கழகத்திலிருந்து நான்கு ஆண்டு இரவல் அடிப்படையில் கொல்கத்தாவின் மோகன் பகானுக்கு வந்தார். ஓர் ஆண்டு போனதும், 2024 ஜூலையில், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாக அறிவித்தார். டெல்லி எஃப்சி அவரை மீண்டும் எடுத்து ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் ஈஸ்ட் பெங்காலுக்குக் கொடுத்தது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் நூறாண்டுப் பகையாளிகள். ஒரே ஊரில், நேர் எதிரியின் சட்டையைப் போட்டுக்கொள்வது என்றால் கொல்கத்தாவில் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் வீரர் நிலைக்குழு அந்தச் செப்டெம்பரில் தீர்ப்புச் சொன்னது. மோகன் பகானுக்கு 12.90 கோடி இந்திய ரூபாய் இழப்பீடு. அன்வருக்கு நான்கு மாதத் தடை. டெல்லி, ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரு கழகங்களுக்கும் அடுத்த இரண்டு மாற்றச் சாளரங்களில் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே சம்மேளனம் தன் உத்தரவைத் தானே திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டது. அன்வர் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடிக்கொண்டேயிருந்தார்.

இதே மோகன் பகான் அதற்கு முந்திய ஆண்டு வேறொரு மாற்றத்தைச் சத்தமில்லாமல் முடித்திருந்தது. 2023 ஜூலையில் கேரளா பிளாஸ்டர்ஸ் தன் செல்லப் பிள்ளையான சஹல் அப்துல் சமதைக் கொல்கத்தாவுக்குக் கொடுத்தது. பதிலுக்குப் பணமும் வந்தது, பிரீதம் கோட்டாலும் வந்தார். அந்தக் கோட்டால்தான் சில மாதங்களுக்கு முன் மோகன் பகானுக்குத் தலைவராக நின்று ஐ.எஸ்.எல். கிண்ணத்தைத் தூக்கியவர். 2025 ஜனவரியில் அவர் மறுபடி கைமாறிச் சென்னையின் எஃப்சிக்குப் போனார். சென்னையிலிருந்து பிகாஷ் யும்னம் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு வந்தார். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் இந்த முறை உதைபந்தில் அபூர்வம்தான், ஆனால் உண்டு.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லவேண்டும். "ட்ரேட்" என்ற சொல் நம் பொடியன்மாருக்குக் கூடைப்பந்து வழியாகத் தெரியும். நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தை ஊன்றியதால், அமெரிக்க விளையாட்டின் பேச்சு இந்த ஊருக்கு அந்நியமல்ல. உதைபந்தும் தடகளமும் நடக்கும் நம் மைதானத்துக்கே அந்தத் துறவிகளில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயர்தான். அமெரிக்க முறையில் ஓர் அணி தன் வீரனின் ஒப்பந்தத்தை இன்னோர் அணிக்கு அப்படியே தள்ளிவிடலாம். ஒப்பந்தத்தில் தனியாக ஒரு நிபந்தனை எழுதியிருந்தால் தவிர, அவனுடைய சம்மதம் தேவையில்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கால்பந்தில் (அது நம் உதைபந்தல்ல) நடந்தது நல்ல உதாரணம். டலாஸ் கௌபாய்ஸ் அணியின் தற்காப்பு நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸ், புதிய ஒப்பந்தம் இழுபறிப்பட்டதால், தன்னை மாற்றிவிடும்படி பகிரங்கமாகவே கேட்டார். அந்த மாதம் முடிவதற்குள் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். டலாஸுக்குப் பதிலாகக் கிடைத்தவை: கென்னி கிளார்க் என்ற வீரரும், அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளும். இன்னும் பள்ளிக்கூடத்திலோ பல்கலைக்கழகத்திலோ இருக்கும் இரு இளைஞர்களை, அவர்கள் யார் என்றே தெரியாமல், முன்கூட்டி எழுதிவைத்துக்கொள்வது போன்றது அது.

நாம் ஆடும் உதைபந்தில் அது முடியாது. ஒப்பந்த வீரன் மாறுவதற்கு மூன்று பேர் தலையாட்டவேண்டும்: விற்கும் கழகம், வாங்கும் கழகம், வீரன். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் வீரன் மட்டும் போதும். இந்தக் கடைசி உரிமை சும்மா கிடைத்ததல்ல. 1990இல் பெல்ஜியத்தின் லியேஜ் கழகத்தில் ஜான் மார்க் பொஸ்மானின் ஒப்பந்தம் முடிந்தது. கழகம் புதிதாகக் கொடுக்க முன்வந்தது பழைய சம்பளத்தில் கால்வாசி. பிரான்சின் டன்கர்க் கழகம் கூப்பிட்டது, லியேஜ் விடவில்லை. ஒப்பந்தமும் இல்லை, விடுதலையும் இல்லை. ஐந்து ஆண்டு வழக்காடி, 1995 டிசம்பர் 15ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார். அதற்குள் அவருடைய ஆட்டக்காலம் கரைந்துவிட்டது. கடிதம் தரமாட்டோம் என்று ஒரு கழகம் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பொஸ்மான்தான் நினைவுக்கு வருகிறார்.

ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போது முறித்தால்? அதற்கு ஃபிஃபா விதி உண்டு. 28 வயதுக்கு முன் கையெழுத்திட்டிருந்தால் முதல் மூன்று ஆண்டும், அதற்குப் பின் என்றால் முதல் இரண்டு ஆண்டும் பாதுகாக்கப்பட்ட காலம். அந்தக் காலத்தில் தக்க காரணமின்றி முறிப்பவருக்கு நான்கு மாதத் தடை, அதோடு இழப்பீடு. அன்வருக்கு விதிக்கப்பட்ட நான்கு மாதமும் இந்தக் கணக்குத்தான். கழகத்தின் மீதும் கட்டு உண்டு. இரண்டு மாதச் சம்பளத்தைச் சட்டவிரோதமாக நிறுத்திவைத்தால், எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு வீரன் நடையைக் கட்டலாம். தேர்ந்த வீரனொருவனுக்கு ஒரு பருவத்தின் ஆட்டங்களில் பத்து வீதம்கூடக் கிடைக்காவிட்டால், அதையும் காரணமாக எடுக்கலாம். லசானா டியாரா என்ற வீரரின் வழக்கில் 2024 ஒக்டோபரில் வந்த ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இழப்பீட்டு விதிகள் வீரன் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கின்றன.

சட்டம் இவ்வளவு சொன்னாலும், முகம் திருப்பிய வீரனைச் சட்டத்தால் ஓடவைக்க முடிவதில்லை. அலெக்ஸாண்டர் இசாக்கைப் பாருங்கள். 2024–25 பருவத்தில் நியூகாசிலுக்காகப் பிரீமியர் லீக்கில் மட்டும் 23 கோல். 2025 மார்ச்சில் வெம்ப்ளியில் லிவர்பூலுக்கு எதிரான இறுதியாட்டத்தில் அவர் அடித்த கோலும் சேர்ந்து, எழுபது ஆண்டுக்குப் பின் நியூகாசிலுக்கு உள்நாட்டுக் கிண்ணம் ஒன்று வந்தது. சில மாதங்களில் அதே இசாக் அணியுடன் ஆசியப் பயணத்துக்கு வரவில்லை. தனக்குத் தந்த வாக்கு மீறப்பட்டதாகவும், இனி இந்த உறவு தொடராது என்றும் பகிரங்கமாக எழுதினார். ஒப்பந்தமோ இன்னும் பல ஆண்டுக்கு இருந்தது. செப்டெம்பர் 1ஆம் திகதி, சாளரம் மூடும் நாளில், 125 மில்லியன் பவுணுக்கு லிவர்பூலுக்குப் போனார். அதுவரை எந்தப் பிரித்தானியக் கழகமும் கொடுக்காத தொகை. நியூகாசில் ஆதரவாளர்கள் அவரைத் துரோகி என்றார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆட்டக்காரனின் கால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குத்தான் விலைபோகும். ஆனால் கழகம் நல்ல விலை வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்ததே, அதையும் குறை சொல்லமாட்டேன். கோபத்தில் வைத்திருக்கவும் இல்லை, அவசரத்தில் தள்ளிவிடவும் இல்லை.

இனி நமக்கு வேண்டிய பகுதி. இசாக் பந்து பழகியது சுவீடனின் ஏஐகே கழகத்தில். அத்தகைய வளர்ப்புக் கழகங்களுக்குப் பின்னாளைய மாற்றங்களிலும் பங்குண்டு என்கிறது ஃபிஃபா. ஒருமைப்பாட்டுப் பங்கு என்று அதைச் சொல்லலாம். நாடு விட்டு நாடு மாறும் ஒப்பந்த வீரனின் தொகையில் ஐந்து வீதம், அவன் 12 வயது நிறையும் பருவத்திலிருந்து 23 நிறையும் பருவம்வரை வளர்த்த கழகங்களுக்குப் பிரிக்கப்படவேண்டும். முதல் நான்கு பருவத்துக்குத் தலா 0.25 வீதம், அடுத்த எட்டுக்குத் தலா 0.5 வீதம். 2020 ஜூலையிலிருந்து, வளர்த்த கழகம் வேறு நாட்டில் இருந்தால் உள்நாட்டு மாற்றங்களுக்கும் இது பொருந்தும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். களுவாஞ்சிகுடியிலோ ஏறாவூரிலோ கொக்கட்டிச்சோலையிலோ ஒரு கழகம் ஒரு பொடியனை 12 வயதுப் பருவத்திலிருந்து 18 வயதுப் பருவம் வரை வைத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பருவத்துக்கு 1 வீதம், மூன்று பருவத்துக்கு 1.5 வீதம், மொத்தம் 2.5. பின்னாளில் அவன் ஒரு வெளிநாட்டுக் கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரு லட்சம் டொலருக்குப் போனால், வாவிக்கரைக் கழகத்துக்கு 2,500 டொலர். டொலர் 300 ரூபாய் என்றால் ஏழரை லட்சம். இது ஒரே ஒரு மாற்றத்துக்கு. அடுத்த முறை விற்கப்பட்டால் மறுபடியும் வரும். இதைத் தவிர, வெளிநாட்டில் அவன் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது பயிற்சி இழப்பீடு என்று தனியாக ஒன்று உண்டு. அது பயிற்சி கொடுத்த ஆண்டுகளையும் அவனை எடுக்கும் கழகத்தின் வகுப்பையும் வைத்துக் கணக்கிடப்படும். 2022 நவம்பர் முதல் இந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கவே ஃபிஃபா தனியாக ஒரு தீர்வகம் நடத்துகிறது.

பணம் தானாக வீடு தேடி வராது. அந்தத் தீர்வகம் பார்ப்பது ஒன்றைத்தான்: எந்தப் பருவத்தில், எந்தக் கழகத்தின் பெயரில், இந்தப் பொடியன் தேசிய சம்மேளனத்தில் பதிவாகியிருந்தான் என்ற மின்னணு வீரர் கடவுச்சீட்டு. நம் பக்கத்தில் வழக்கம் எப்படி? பன்னிரண்டு வயதுப் பொடியன் பாடசாலை அணிக்கு ஆடுவான், பின்னேரத்தில் கழகத்தாருடன் ஆடுவான். பதிவு என்ற ஒன்று பெரும்பாலும் முதல் பெரிய சுற்றுப்போட்டிக்கு முதல் கிழமைதான் நினைவுக்கு வரும். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, பசையில் ஒட்டிய படம், அவசரமாக ஒரு கையொப்பம். அப்போது அவனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது ஆகிவிட்டிருக்கும். முந்திய ஆறேழு ஆண்டு வெயிலில் நின்று பழக்கியதெல்லாம் எந்தத் தாளிலும் இல்லை. பாடசாலை, சம்மேளனத்தில் கழகமாக இணைந்திராவிட்டால், அதன் பெயரிலும் பங்கு எழுத இயலாது. வளர்த்த கழகம் எது என்று நிறுவ முடியாத பருவங்களின் பங்கு, வளர்த்தவர்களின் கைக்கு வராது.

சம்மேளனம் சீராக இருப்பதும் முக்கியம். 2023 ஜனவரி 21 முதல் ஆகஸ்ட் கடைசி வரை ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியிருந்தது. ஏழு மாதம் நம் அணிகளுக்குச் சர்வதேச ஆட்டமே இல்லை. அந்த ஏழு மாதத்தில் இருபது வயதில் இருந்தவனுக்கு அந்தக் காலத்தை யாரும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை.

ஆகவே செயலாளர் வீட்டு முற்றத்துக்கே திரும்புவோம். கடிதம் கேட்பவன் சம்பள ஒப்பந்தம் இல்லாத ஆட்டக்காரன். நம் வீரர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படித்தான். அவனுக்கு விலை பேசக் கழகத்துக்கு ஒன்றுமில்லை. கடிதத்தை மறுத்தால் அவனும் ஆடாமல் இருப்பான், கழகத்துக்கும் ஒரு சதம் வராது. கொடுத்தால், அவன் எங்கே போனாலும் பழைய பருவங்கள் நம் பெயரிலேயே இருக்கும், அவை பதிவில் இருந்தால். கடிதத்தின் ஒரு பிரதியையும், அவன் ஆடிய பருவங்களின் பட்டியலையும் கழகக் கோப்பில் வையுங்கள். மாவட்டச் சங்கத்தில் போய் எத்தனை பருவம் ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். பெரியவனுக்கு இது பிந்திவிட்டதென்றால், இன்றைக்குப் பின்னேரம் வெறுங்காலோடு மைதானத்தின் ஓரத்தில் பந்து பொறுக்கிப் போடும் சின்னவன் இருக்கிறான். இந்த ஆண்டு அவனுக்குப் பன்னிரண்டு நிறைகிறதென்றால், அவனுடைய முதல் கால் வீதம் இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது.