மூணு எபிசோடு விதி

ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும் ஒரு நோட்டில் பட்டியல் போடுவேன். புதுசாக வரும் அனிமேக்களில் பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் மூணு எபிசோடு பார்ப்பது. பிடித்தால் தொடர்வது, இல்லாவிட்டால் பெயர் மேல் ஒரு கோடு. அனிமே ரசிகர்கள் பலரும் வைத்திருக்கும் விதிதான் இது. போன வாரம் பழைய பக்கங்களைப் புரட்டினேன். 2024 ஜனவரி பக்கத்தில் 'டன்ஜன் மேஷி' மேல் கோடு. ஓரத்தில் என் கையெழுத்திலேயே, "சமையல் ஷோ. வேண்டாம்." வெட்கமாகப் போய்விட்டது. சமீப வருடங்களில் நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்த இரண்டு மூன்றில் அதுவும் ஒன்று.

ஏன் இப்படி ஆச்சு? பாதித் தப்பு என் பொறுமையின்மை. மீதி ஜப்பான் டிவி காலண்டரில் இருக்கிறது.

அங்கே நிகழ்ச்சிகளை மூன்று மாதத் துண்டுகளாகத் திட்டமிடுகிறார்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என வருடத்துக்கு நாலு தொடக்கம். ஒரு துண்டுக்குப் பெயர் 'கூர்'. வாரம் ஒன்று என்றால் கூருக்கு 12 அல்லது 13 எபிசோடு. பெரும்பாலான தொடர்களுக்குப் பணம் போடுவது ஒரு தயாரிப்புக் குழு. மாங்கா பதிப்பாளர், டிவி சேனல், இசை நிறுவனம் என்று பலர் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒரு கூர் ஓட்டிப் பார்த்து, வரவேற்பு இருந்தால் அடுத்தது. முதலீட்டுக்கு இது பாதுகாப்பு. ஆனால் கதைகள் 12 எபிசோடு அளவெடுத்துப் பிறப்பதில்லையே!

'டன் டா டன்' பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சயின்ஸ் சாரு ஸ்டுடியோ செய்தது, 2024 அக்டோபரில் தொடங்கியது. பன்னிரண்டாவது எபிசோடு ஒரு ஆபத்தின் நட்ட நடுவில் பட்டென்று நின்றது. மீதியைப் பார்க்க 2025 ஜூலை வரை காத்திருந்தோம். அந்த இடத்தில் கதை முடியவில்லை, கூர்தான் முடிந்தது.

இதற்கு எதிர் உதாரணம் 'ஃப்ரீரென்'. 2023 செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை இரவு. வழக்கமாக சினிமா போடும் நேரத்தில், நிப்பான் டிவி முதல் நாலு எபிசோடையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒளிபரப்பியது. பிறகு வாரம் ஒன்றாக 2024 மார்ச் வரை, மொத்தம் 28. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு கூருக்கு 24, அதற்கு மேல் அந்த நாலு.

அந்தக் கதைக்கு அது தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். மற்ற கதைகள் முடியும் இடத்தில் இது தொடங்குகிறது. அசுரராஜனைக் கொன்றுவிட்டு நாலு பேர் ஊர் திரும்புகிறார்கள், பத்து வருடப் பயணம் முடிகிறது. ஆயிரம் வயது தாண்டிய எல்ஃப் பெண் ஃப்ரீரெனுக்குப் பத்து வருடம் ஒரு பொருட்டே இல்லை. ஐம்பது வருடம் கழித்து வந்தால், வீரன் ஹிம்மெல் கிழவராக நிற்கிறார். கொஞ்ச நாளில் இறந்தும் போகிறார். கூட இருந்தும் இந்த மனுஷனைத் தெரிந்துகொள்ள முயலவே இல்லையே என்று அடக்கத்தின்போது அழுகிறாள். அதற்குப் பிறகு பெரிய சண்டை எதுவும் உடனே வராது. ஒரு பூவைத் தேடி மாதக்கணக்கில் அலைவாள், புத்தாண்டுச் சூரிய உதயம் பார்க்கப் போவாள். இதையெல்லாம் வாரம் ஒன்றாகக் கொடுத்திருந்தால் மூணாவது வாரமே கோடு போட்டிருப்பேன். ஒரே மூச்சில் பார்த்ததால்தான் அந்தப் பூவும் உதயமும் ஹிம்மெலோடு சேர்ந்து மனசில் நின்றன.

'டன்ஜன் மேஷி'க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. லாயோஸின் தங்கையை ஒரு சிவப்பு டிராகன் விழுங்கிவிடுகிறது. அது ஜீரணிப்பதற்குள் மீட்க வேண்டும். கையில் காசில்லை, அதனால் வழியில் சிக்கும் அரக்கப் பிராணிகளையே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். மூணாவது எபிசோடில் நடமாடும் இரும்புக் கவசத்துக்குள் இருக்கும் பிராணியைச் சமைக்கிறார்கள். நான் அங்கேதான் விட்டேன். "டிராகன் வரைக்கும் பாரு, அப்புறம் பேசு" என்றான் நண்பன். டிராகன் வந்தது பதினோராவது எபிசோடில்! அப்போதுதான் உறைத்தது. அதுவரை காட்டிய சமையல் எல்லாம் எந்த உயிர் எதைத் தின்று எப்படி வாழ்கிறது என்ற பாடம். பிற்பாதியின் மொத்தக் கனமும் அதன் மேல்தான் நிற்கிறது. 24 எபிசோடும் இடைவெளி இல்லாமல் வந்ததால், பாதி வழியில் அறுபடாமல் தப்பித்தது.

விதியே முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். ஒரு சீசனுக்குப் பல டஜன் தொடர் வருகிறது, நமக்கு இருப்பது சில ராத்திரிகள். ஆனால் மூணு எபிசோடு என்பது ஒரு கூரில் கால் பங்குதான். அதை வைத்து, நமக்கு நேரமில்லை என்று சொல்லலாம். கதையில் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. நான் நோட்டில் எழுதியது இரண்டாவது.

இந்த சீசனிலிருந்து பட்டியலைச் சுருக்கிவிட்டேன். இரண்டே தொடர், கடைசி வரை. விட்டவற்றின் மேல் கோடு கிடையாது, எத்தனாவது எபிசோடில் விட்டேன் என்ற எண் மட்டும். நீங்கள் அவசரப்பட்டு விட்டது எது? கமெண்டில் சொல்லுங்கள், அடுத்த விடுமுறைக்கு எடுத்து வைத்துக்கொள்கிறேன்.