படமும் பாடமும்
மீட்கப்பட்ட அறிவியற் படங்களைப் பற்றிய இரசிகர் வழக்கு

தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பங்களை நட்டு, வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தைக் கோலசிலாங்கூர் முதல் பாகான் நக்கோடா ஓமார் வரையிலுள்ள வட சிலாங்கூர் வட்டாரத்து முதியோர் இன்றும் நினைவு கூர்வர். பட்டணத்துக் கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த சுருள், அறுந்த இடங்களில் எல்லாம் ஒட்டுப் போட்டுக்கொண்டே ஊர் ஊராய்ச் செல்லும். ஒவ்வோர் ஒட்டிலும் சில கட்டங்கள் கழிந்துபோகும். ஆகவே, ஒரே படத்தைப் பார்த்ததாகச் சொல்லும் இருவர், உண்மையில் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைப் பார்த்தவராக இருக்கக் கூடும். ஏட்டுச் சுவடிகளின் வரலாற்றை அறிந்த தமிழாசிரியர்க்கு இது வியப்பன்று. நூல் ஒன்றே, பாடம் பல. திரைப்படத்திலும் படம் ஒன்றே, பாடம் பல.

பழைய படங்களை மீட்டுப் புதுக்கி வெளியிடும் முயற்சி உலகெங்கும் பெருகியிருக்கிறது. அப்படங்களைப் பார்த்துவிட்டு வரும் இரசிகர், 'நிறம் மாறிவிட்டது', 'இந்தக் காட்சி முன்பு இல்லை', 'இந்த ஓசை எங்கிருந்து வந்தது' என்று வழக்காடுகின்றனர். இதனை வெறும் பித்து என்று ஒதுக்குவோர் உளர். அது பித்தன்று, பாட ஆராய்ச்சியே அது என்பது என் கருத்து. இவ்வழக்கு அறிவியற் கற்பனைப் படங்களைப் பற்றியே மிகுதியாக எழுகிறது. ஏனைய படங்களில் நடிப்பையும் பாட்டையும் நாடுவோர், இவ்வகைப் படங்களில் பொறி, பொம்மை, மாய ஒளி முதலிய தொழில் நுட்பங்களையும் ஒவ்வொன்றாய் மனத்திற் பதித்து வைத்திருக்கின்றனர். சிறு திருத்தமும் அவர்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை.

இவ்வகையில் முதன்மையானது 'மெட்ரோபோலிஸ்' என்னும் செர்மானிய ஊமைப்படம். பிரிட்ஸ் லாங் இயக்கிய இப்படம் 1927ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. மேலே செல்வர் வாழும் மாளிகை நகரம். கீழே நிலத்தடியில் தொழிலாளர் வாழும் இருள் நகரம். இரண்டிற்கும் இடையே பெண்ணுருக் கொண்ட ஓர் எந்திரம். அந்நாளில் இரண்டரை மணி நேரத்தையும் கடந்து ஓடிய இப்படத்தை, நீளம் மிகுதி என்று கருதி அமெரிக்காவில் வெட்டினர். பின்பு செர்மனியிலும் வெட்டினர். வெட்டிய துண்டுகளைப் போற்றுவார் இன்றி அவை மறைந்தன.

வெட்டு நீளத்தை மட்டும் குறைத்திருந்தால் கேடில்லை. அது கதையின் வேரையே அறுத்துவிட்டது. எந்திரப் பெண்ணைப் படைக்கும் ராட்வாங் என்னும் அறிஞன் ஒருத்தியைக் காதலித்தவன். அவளோ நகரத் தலைவனை மணந்து, மகனைப் பெற்று இறந்தாள். அவளை மீண்டும் படைக்கும் வெறியினாலேயே அவன் எந்திரத்தை ஆக்குகிறான். அவள் பெயர் ஹெல். ஆங்கிலத்தில் அச்சொல் நரகத்தைக் குறிக்கும் சொல்லை ஒத்திருப்பதால், அமெரிக்கத் தொகுப்பாளர் அவளையே கதையினின்று நீக்கிவிட்டனர்! ஒரு சொல்லின் ஓசைக்காக ஒரு பாத்திரம் மாண்டது. அதன் பின்னர் ஏறத்தாழ எண்பது ஆண்டுக் காலம், காரணமின்றி எந்திரம் செய்யும் ஒரு கிறுக்கனையே உலகம் அப்படத்தில் பார்த்து வந்தது. 'கதை தெளிவில்லை' என்று லாங்கின் மேல் குறையும் கூறி வந்தது.

குறைப்பட்ட பாடத்தைப் படித்துவிட்டுப் புலவனைப் பழிப்பது நம்மிடமும் உள்ள வழக்கமே.

விடுபட்ட பகுதி கிடைத்த வரலாறு சுவையானது. அர்சென்டினா நாட்டுப் படவணிகர் ஒருவர் வெட்டுப்படாத பிரதி ஒன்றைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றிருந்தார். அது ஒரு திறனாய்வாளரின் தொகுப்பிற் சேர்ந்தது. பழைய சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்பினது ஆகையால், பிற்காலத்தில் அதனை 16 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு சுருளில் பெயர்த்தெடுத்தனர். தூசியையும் கீறலையும் துடைக்காமலே பெயர்த்தமையால் அவையும் படத்தோடு பதிந்துவிட்டன. இவ்வாறு அது புவனோஸ் அயர்ஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தை அடைந்தது. அங்கே அது கிடப்பதை எவரும் உணரவில்லை.

அதனை வெளிப்படுத்தியது ஒரு பழைய முறையீடு. திரைப்படச் சங்கம் ஒன்றில் இப்படத்தை ஓட்டிய நாளில், சுருள் சரியாக ஓடாமையால் இரண்டு மணி நேரத்திற்கு மேல் விரலால் அழுத்திப் பிடித்திருக்க நேர்ந்தது என்று ஒருவர் நொந்து சொல்லியிருந்தார். பெர்னாண்டோ மார்ட்டின் பெஞா என்னும் திரைப்பட வரலாற்றாசிரியர் அதைக் கேட்டார். வழக்கிலிருந்த குறும்பிரதியோ அவ்வளவு நேரம் ஓடாதே என்று ஐயுற்றார். அந்த ஐயம் பல்லாண்டு அவரை விடவில்லை. 2008ஆம் ஆண்டில், அருங்காட்சியகத் தலைவி பவுலா பெலிக்ஸ்-டிடியேயின் துணையோடு பெட்டிகளைத் திறந்தபோது, மறைந்தன என்று உலகம் கைவிட்ட காட்சிகள் அங்கே இருந்தன. வலித்த விரல் ஒன்றின் நினைவே இத்தனைக்கும் வித்து!

கிடைத்த பகுதிகளைச் சேர்த்து, ஏறத்தாழ 25 நிமிடம் நீண்ட புதிய பதிப்பு 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பெர்லினில் இசைக்குழுவோடு திரையிடப்பட்டது. காட்சிகளின் வரிசையை அறிய அவர்களுக்குத் துணைநின்றவை இரண்டு. ஒன்று, 1927இல் தணிக்கையாளரிடம் கொடுத்த எழுத்துப் பலகைகளின் படி. மற்றொன்று, இசையமைப்பாளர் ஹூப்பர்ட்ஸ் எழுதிய இசைக் குறிப்பு. எந்தக் காட்சிக்கு எந்த இசை என்று அதில் ஓரக்குறிப்புகள் இருந்தன. மூலம் சிதைந்த இடத்தில் உரையாசிரியரின் உரையைக் கொண்டு பாட்டின் சொல்லை உய்த்துணரும் முறை அன்றோ இது?

புதிய பதிப்பைப் பார்த்த இரசிகரிடையே இருவகைக் கருத்து எழுந்தது. சேர்த்த பகுதிகள் மழை பெய்வதுபோல் கீறல் நிறைந்து தோன்றுகின்றன. சிறு சுருளில் பெயர்த்தபோது படத்தின் ஓரம் இழந்தமையால் அவ்விடம் கருமையாக விடப்பட்டிருக்கிறது. பளிச்சென்று தெரியும் காட்சிக்கும் மங்கிய காட்சிக்கும் மாறி மாறிச் செல்வது கண்ணை உறுத்துகிறது என்றனர் ஒரு சாரார். அதுவே நேர்மை என்றனர் மற்றொரு சாரார். நான் பின்னவர் பக்கம். எது 1927 முதல் நம்மிடம் இருந்தது, எது 2008இல் வந்தது என்பதைக் கீறலே அறிவித்துவிடுகிறது. மீட்க முடியாது போன இரண்டொரு காட்சிகளுக்குப் புதிதாக எதையும் புனையாமல், இங்கே இன்னது நிகழ்ந்தது என்று எழுத்திற் காட்டினர். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் இறுதிப் பத்தும் இல்லை. உ. வே. சாமிநாதையர் அவ்விடங்களை நிரப்பப் பாட்டு எழுதவில்லை. எழுதும் ஆற்றல் அவருக்கு இல்லாமலா விட்டார்?

இதே படத்தை 1984இல் சியார்சியோ மொரோடர் என்னும் இசைஞர் வேறு வகையிற் பதிப்பித்தார். வண்ணம் பூசி, எழுத்துப் பலகைகளைக் குறைத்து, அக்காலத்துத் துள்ளிசைப் பாட்டுகளைச் சேர்த்தார். அறிஞர் பலர் முகம் சுளித்தனர். ஆயினும் அதன்வழியே இப்படத்தை முதன்முதல் அறிந்தவர் அதனையும் மறக்கவில்லை. 2011இல் அந்தப் பதிப்பும் மீண்டும் திரைக்கு வந்தது. இங்கே இரசிகர் முரண்படுகின்றனர் என்று எண்ண வேண்டா. அது மொரோடரின் பதிப்பு என்று பெயரிட்டு வந்தது. மூலம் என்று வேடமிட்டு வரவில்லை.

மூலத்திற் காணாத ஒன்றை மீட்பு காட்டிவிடுவதும் உண்டு. 1953இல் வந்த 'உலகங்களின் போர்' என்னும் படத்தில் செவ்வாய்க் கோளினரின் பறக்கும் பொறிகளை மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டுப் படமெடுத்தனர். அந்நாளைய வண்ணப் பிரதியின் மென்மையில் கம்பிகள் எளிதிற் கண்ணிற் படா. பிற்காலத்தில் கூர்மையாகப் பெயர்த்தெடுத்த பிரதிகளிலோ அவை பட்டப்பகலாய்த் தெரிந்து நகைப்புக்கு இடமாயின. 2020இல் வெளிவந்த மீட்புப் பதிப்பில் கணினியின் துணையால் கம்பிகளை மறைத்தனர். இது திருத்தமா, மீட்பா? கம்பி இருந்தது உண்மை. அன்று பார்த்தவர்க்குப் பெரும்பாலும் தெரியாததும் உண்மை. சுருளில் இருந்ததைக் காப்பதா, கொட்டகையில் தோன்றியதைக் காப்பதா என்னும் இக்கேள்விக்கு ஒரே விடை கூற இயலாது. இவ்விடத்தில் மறைத்ததை நான் ஏற்பேன். ஆனால் மறைத்தோம் என்று சொல்லியே மறைக்க வேண்டும்.

இனி, ஆசிரியனே திருத்தினால் என் செய்வது? கம்பராமாயணத்திற் பிறர் புகுத்தியவற்றை வெள்ளிப் பாடல்கள் என்று பிரித்துவிடலாம். 'விண்மீன் போர்' என்று பொருள்படும் பெயருடைய 1977ஆம் ஆண்டுப் படத்தை இயக்கிய சியார்ச் லூக்காஸ், 1997இல் தாமே அதில் புதிய காட்சிகளைச் சேர்த்தார். ஒருவன் தன்னைச் சுட வந்தவனை முந்திக்கொண்டு சுடுவதாக முதலில் இருந்தது. புதிய பதிப்பில், வந்தவன் சுட்ட பின்னரே இவன் சுடுகிறான். ஒரு துப்பாக்கி வெடிதானே என்று நாம் நினைப்போம். அதனால் ஒருவன் குணமே மாறிவிட்டது என்று இரசிகர் இன்றளவும் வழக்காடுகின்றனர். அவர்களிற் சிலர் பழைய திரையரங்குச் சுருள்களைத் தேடிப் பிடித்துத் தம் உழைப்பில் முதற்பாடத்தைத் தொகுத்தும் வைத்தனர். 2025ஆம் ஆண்டு சூனில் இலண்டனில் 1977ஆம் ஆண்டுச் சுருள் ஒன்று திரையிடப்பட்டபோது அதுவே ஒரு செய்தியாயிற்று. திருத்தும் உரிமை ஆசிரியனுக்கு உண்டு, ஐயமில்லை. முதற்பாடத்தைப் பிறர் காணாமல் மறைக்கும் உரிமையும் உண்டோ என்பதே கேள்வி.

இதற்கு நேர்மாறானது '2001: விண்வெளிப் பயணம்' பற்றிய செய்தி. 1968இல் முதற்காட்சி முடிந்தவுடனே, ஸ்டான்லி குப்ரிக் தாமே ஏறத்தாழ 19 நிமிடத்தை வெட்டினார். அது பிறர் வெட்டன்று. ஆசிரியன் தன் கையால் அடித்த அடி. அதை ஒட்டாமல் விடுவதே முறை. ஐம்பதாம் ஆண்டாகிய 2018இல், கிறிஸ்டோபர் நோலன் மேற்பார்வையில், கணினித் திருத்தம் எதுவுமின்றி எடுத்த புதுச் சுருளை 'மீட்கப்படாத பதிப்பு' என்றே பெயரிட்டுக் காட்டினர். மீட்காமையையே பெருமையாகச் சொல்லும் காலமும் வந்துவிட்டது.

நம் தமிழ்ப் படங்களுக்கு வருவோம். பி. ஆர். பந்துலு இயக்கி, சிவாசி கணேசன் நடித்து, 1964ஆம் ஆண்டுப் பொங்கலன்று வெளிவந்த 'கர்ணன்' புதுக்கப்பட்டு, 2012ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் மீண்டும் திரைக்கு வந்தது. நூறு நாளையும் கடந்து ஓடியது. முன்பு பார்த்தவர் பேரப்பிள்ளைகளோடு சென்று பார்த்தனர். அறிவியற் படம் அன்றாயினும், மீட்ட படத்திற்குத் தமிழ் இரசிகர் தந்த வரவேற்புக்கு இதுவே தக்க சான்று. இதன் வெற்றிக்குப் பின் பழைய படங்கள் பல வரிசையாக வந்தன. ஒற்றைத் தடத்தில் பதிவான ஒலியைப் பல திசையிலும் கேட்கப் பிரித்தனர். சில படங்களை அகலத்திரைக்கு மாற்றியதாக விளம்பரமும் செய்தனர்.

அங்கேதான் நம் இரசிகர் விழிப்பாக இருக்க வேண்டும். பழைய படத்தின் சட்டம் அகலம் 4, உயரம் 3 என்னும் அளவினது. அகலத்திரையின் அகலமோ உயரத்தைப்போல் இரண்டே கால் மடங்குக்கும் மேல். அகலத்தை மாற்றாமல் இதை அதிற் பொருத்தினால், மேலும் கீழுமாக நூற்றுக்கு ஏறத்தாழ 43 பங்கு போய்விடும். அரசனின் முடியோ, நாட்டியப் பெண்ணின் பாதமோ, இரண்டுமோ காணாமற் போகும். இழுத்து விரித்தாலோ முகமெல்லாம் பூசணியாகும். நான்கடி வெண்பாவில் ஏறத்தாழ இரண்டடியை நீக்கிவிட்டுத் தாளை அகலமாக்கினோம் என்று சொல்வது போன்றது இது.

தமிழிலும் விண்வெளிப் படம் உண்டு. 1963இல், யூரி ககாரின் விண்ணிற் சென்று ஈராண்டே கழிந்த நிலையில், ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம். சி. இராமச்சந்திரனும் பி. பானுமதியும் நடித்த 'கலை அரசி' வெளிவந்தது. அறிவியலில் முன்னேறியும் இசைக்கலை அறியாத வேற்றுலகத்தார், தமக்குக் கலை கற்பிக்க இம்மண்ணிலிருந்து ஒரு பாடகியைக் கொண்டு செல்கின்றனர் என்பது கதை. பொறியும் விண்ணும் மேலை நாட்டாரிடம் கற்றவை எனினும், இசையில்லாத உலகம் குறையுள்ளது என்னும் கற்பனை நம்முடையது. இத்தகைய படத்தை மீட்போர் அதன் அட்டைப் பொறிகளையும் ஒளித் தந்திரங்களையும் இன்றைய நுட்பத்தால் மெருகேற்ற ஆசைப்படலாகாது. 1963ஆம் ஆண்டுத் தமிழன் விண்ணை எவ்வாறு கற்பித்தான் என்பதற்கு அவ்வட்டையே சான்று.

தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' (1931) இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. அப்படங்களின் பாட்டுப் புத்தகங்களோ சில வீடுகளில் எஞ்சியிருக்கும். கொட்டகை வாயிலில் சில காசுக்கு விற்ற அச்சிறு நூலில் நடிகர் பெயர், கதைச் சுருக்கம், பாட்டுகள் எல்லாம் வரிசையாய் அச்சிட்டிருக்கும். மெட்ரோபோலிசை மீட்டவர்க்குத் தணிக்கைப் படி எதுவோ, நமக்கு இப்புத்தகம் அது. ஆசிரியர்கள் தம் மாணவர் வீட்டுப் பெட்டிகளில் அவற்றைத் தேடச் சொல்லலாம். புத்தகத்தில் உள்ள பாட்டு இன்று ஓடும் படத்தில் இல்லையாயின், அன்று திடலில் அது ஓடியதா என்று பாட்டனாரைக் கேட்டு, ஊரும் ஆண்டும் குறித்து எழுதி வைக்கலாம். கலை அரசி வந்த ஆண்டில் பத்து வயதுச் சிறுவராய்த் திரைமுன் அமர்ந்திருந்தவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்.